தேவாலா மலையின் பொற்கணக்கு

தமிழகத்தின் மேற்கு எல்லையில் நீலகிரிப் பெருமலை தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டு வயநாட்டு மேட்டுநிலத்தில் கால்வைக்கிறது. கூடலூர், நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்னும் ஊர்கள் அங்கே வரிசையாக அமைந்துள்ளன. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரம். தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் இடமாதலால் தேவாலாவில் ஆண்டுக்கு நூற்றைம்பது அங்குலத்திற்கும் மேலாக மழை பெய்வதுண்டு. இன்று இவ்வழியே செல்வோர் கண்ணுக்குப் புலப்படுவது தேயிலையும் காடும் மூடுபனியுமே. ஆயினும் இந்தத் தேயிலைச் சரிவுகளுக்குள்ளும் காடுகளுக்குள்ளும் பழைய குழிகளும் சுரங்க வாய்களும் பரவிக் கிடக்கின்றன. 1880-ஆம் ஆண்டை ஒட்டி இலண்டன் பங்குச் சந்தையில் பலர் வாயிலும் அடிபட்ட 'வயநாட்டுத் தங்கம்' இந்த மலையில்தான் தேடப்பட்டது.

இந்த மலையில் பொன் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே விடை. அவ்வாறாயின் பெரும் பணத்தோடு வந்தவர்கள் ஏன் வெறுங்கையோடு திரும்பினார்கள்? அவர்கள் போனபின் அக்கணக்கின் மீதியைச் செலுத்தி வருபவர்கள் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண வேண்டுமாயின், முதலில் மலையின் உடலமைப்பையும், பின்னர் அதைத் தேடி வந்த மனிதர்களின் வரலாற்றையும் நாம் சற்றுப் பொறுமையோடு பார்க்க வேண்டும்.

பாறை சொல்லும் செய்தி

நீலகிரி மலையின் பெரும்பகுதி 'சார்னோக்கைட்' எனப்படும் கருநீலச் சாயல் கொண்ட கடினப் பாறையால் ஆனது. இப்பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தா நகரை நிறுவியவராகக் கருதப்படும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையாலானது. அக்கல் சென்னைக்கு அருகே புனித தோமையார் மலை, பல்லாவரம் பகுதியிலிருந்து சென்றிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. தாமஸ் ஹாலண்டு என்ற நிலவியலார் அந்தக் கல்லறைக்கு உரியவரின் பெயரையே பாறைக்கு இட்டார். நம்மில் பலர் படியேறிச் சென்றிருக்கும் தோமையார் மலையும் உதகையைத் தாங்கி நிற்கும் பெருமலையும் பாறையினத்தால் உறவினரே.

இந்தப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையவை. ஒருகாலத்தில் இவை பூமிக்குள் மிக ஆழத்தில் புதைந்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. பின்னர் நிலத்தின் பெரும் பாளங்கள் ஒன்றையொன்று உரசி நகர்ந்தபோது நீண்ட பிளவுப் பட்டைகள் தோன்றின. மோயாற்றையும் பவானியையும் ஒட்டிச் செல்லும் பட்டை அவற்றுள் பெரியது. இத்தகைய பிளவுகள் வழியே ஆழத்திலிருந்து சூடான நீர் மேலேறியது. அந்நீர் தன்னிடம் கரைந்திருந்த மணற்சத்தைப் பிளவுகளில் படியவிட்டு வெண்மையான கல் நரம்புகளை உருவாக்கியது. நாட்டுப்புறத்தில் வெங்கச்சங்கல் என்றும், நூல்களில் படிகக்கல் அல்லது குவார்ட்ஸ் என்றும் வழங்குவது இதுவே. அந்த நீரோடு மிகச் சிறிதளவு பொன்னும் வந்து சேர்ந்தது.

தேவாலாப் பகுதியின் பொன் பெரும்பாலும் கட்டியாகவோ, கண்ணுக்குத் தெரியும் இழையாகவோ இருப்பதில்லை. பைரைட் எனப்படும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமத்துடன் நுண்துகளாகக் கலந்து கிடக்கிறது. இங்கேதான் மழையின் பங்கு தொடங்குகிறது. ஊழி ஊழியாகப் பெய்த மழை பாறையின் மேற்பரப்பை அரித்துச் செம்மண்ணாக்கியது. பைரைட் துருப்பிடித்து உதிர்ந்தது. அதனுள் சிறைப்பட்டிருந்த பொன் விடுபட்டது. கரையக்கூடியவை யாவும் மழைநீரோடு கழுவிச் செல்லப்பட, பொன் மட்டும் மேற்பரப்பை ஒட்டியே தங்கிச் செறிந்தது. ஓடைகளில் இறங்கிய துகள்கள் மணலோடு கலந்தன.

ஆகவே இம்மலையில் மேலே இருப்பது வேறு. ஆழத்தில் இருப்பது வேறு. மேலே துருவேறிய கல்லில் பொன் செறிந்தும், எளிதில் பிரியும் நிலையிலும் இருக்கும். நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே சென்றால் பொன்னின் அளவும் குறையும். இருக்கும் பொன்னும் பைரைட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கும். மேற்பரப்புக் கல்லைச் சோதித்துவிட்டு ஆழத்தின் வளத்தைக் கணக்கிடுபவர், வாயிலில் கோலமிட்ட மாவைப் பார்த்துப் பத்தாயத்தில் உள்ள நெல்லை அளப்பவருக்கு ஒப்பாவார். இந்த ஒரு செய்தியை நாம் மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் வரலாறு முழுவதும் விளங்கும்.

முதலில் அகழ்ந்தவர்கள்

இந்த மலையின் பொன்னை ஐரோப்பியர் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இங்கு பொன் எடுக்கப்பட்டது. பணியர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் ஓடை மணலையும் மலைச்சரிவு மண்ணையும் மரத்தட்டில் இட்டு நீரில் அலசிப் பொன்துகள் பிரித்தனர். மலைக்குக் கீழே நிலம்பூர்ப் பள்ளத்தாக்கிலும் இத்தொழில் நடந்தது. மண்ணை அலசியதோடு பழையவர்கள் நின்றுவிடவும் இல்லை. கல் நரம்பின் மேற்பகுதியைத் தொடர்ந்து வெட்டிய பள்ளங்களும், செங்குத்தாக இறக்கிய கிணறு போன்ற குழிகளும், பக்கவாட்டில் குடைந்த சுரங்கங்களும் பிற்கால ஆய்வாளர்களை வியக்க வைத்தன. வெடிமருந்தின்றி, எஃகு எந்திரமின்றி, வெங்கச்சங்கல்லைப் பிளந்து இறங்கிய கைகள் அவை.

அக்கைகளுக்கு உரியவர்களின் பெயர்களை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை. பணியர் என்ற பெயரே பணி செய்வோர் என்னும் பொருளில் பிறந்தது. நிலவுடைமையாளர்களிடம் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் அவர்கள். நம்பலக்கோடு பகுதியின் பெரும்பாகத்திற்கு நிலம்பூர்த் திருமுல்பாடு சன்ம உரிமை கொண்டாடினார். மண்ணை அலசியவன் ஒருவன், மண்ணுக்கு உரியவன் வேறொருவன் என்ற ஏற்பாடு இம்மலைக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. அது முன்னரே இருந்தது. அவர்கள் அதைப் பெரிதாக்கினார்கள்.

பழையவர்களின் உழைப்பில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. மழை செறிவாக்கி வைத்திருந்த மேற்பரப்புப் பொன்னின் நல்ல பகுதியை அவர்கள் முன்னரே எடுத்துவிட்டிருந்தனர். பழைய குழிகள் நிறைய உள்ள இடத்தில் பொன்னும் நிறைய இருக்கும் என்று பின்வந்தவர்கள் எண்ணினர். உண்மையில் அக்குழிகள் பொன் இருந்ததற்குச் சான்று. மீதி இருப்பதற்குச் சான்று அல்ல.

அரசு தேடியது, திட்டர் தேடினர்

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி மலபாரில் நிலைபெற்றபின் அரசின் பார்வை இந்தப் பொன்மீது விழுந்தது. 1831-ஆம் ஆண்டில் மலபார் கலெக்டர் ஷெஃபீல்டு, பொன் கிடைக்கும் இடங்களையும் அதை எடுக்கும் முறையையும் பற்றி அரசுக்கு விரிவாக எழுதினார். லெப்டினன்ட் நிக்கல்சன் என்ற படை அலுவலர் ஆராய அனுப்பப்பட்டார். அவர் பெரிதும் நம்பிக்கை கொண்டார். ஆனால் மலேரியாக் காய்ச்சல் கொடிதாயிருந்தது. வருவாயோ செலவுக்கு ஈடாகவில்லை. விரைவிலேயே அரசு அம்முயற்சியைக் கைவிட்டது. மலை தன் முதல் விடையை அப்போதே கூறிவிட்டது எனலாம்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் வயநாட்டுக் காடுகள் அழிந்து காப்பித் தோட்டங்கள் ஆயின. தோட்ட வேலைக்காகத் தமிழகச் சமவெளியிலிருந்தும் மைசூரிலிருந்தும் ஏழை உழைப்பாளர் வந்தனர். தோட்ட முதலாளிகளான வெள்ளையர் செழித்தனர். பின்னர் அடிமேல் அடி விழுந்தது. 1860-களில் தண்டுத் துளைப்பான் வண்டு காப்பிச் செடிகளை அரித்தது. 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. கடனில் மூழ்கிய முதலாளிகள் தங்கள் நிலத்தை யாரேனும் வாங்கமாட்டார்களா என்று ஏங்கினர். இந்த ஏக்கத்தையும் நாம் மறந்துவிடலாகாது. பின்னர் எழுந்த பொன்வெறிக்கு வித்திட்டவை பாறையின் வளத்தோடு காப்பியின் நட்டமும் ஆகும்.

இக்காலத்தில்தான் ஆஸ்திரேலியத் தங்கவயல்களில் பழகியவர்கள் வயநாட்டிற்கு வந்தனர். 1865-இல் அத்தகைய ஒருவர் வந்து ஓடைகளைத் துழாவினார். அவரை அடுத்து விதர்ஸ் என்பவர் தேவாலாப் பகுதியின் கல் நரம்புகளில் பொன் இருப்பதைக் காட்டினார். 1874-இல் ஆல்பா தங்கக் கம்பெனி அமைக்கப்பட்டது. தேவாலாவில் அது வேலை தொடங்கிய கல் நரம்பிற்கு 'மண்டையோட்டு நரம்பு' என்று பெயர். அப்பெயர் எவ்வளவு பொருந்திவிட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

1875-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் அறிக்கை அளித்தார். நம்பலக்கோடு பகுதியில் அவர் கண்ட சோதனைகளின் சராசரி, ஒரு டன் கல்லுக்கு 7 பென்னிவெயிட் பொன். நம் கணக்கில் இது ஏறத்தாழ 11 கிராம். ஆயிரம் கிலோ கல்லை உடைத்து மாவாக்கினால் ஒன்றரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவாகப் பொன் வரும். கிங் நிதானமானவர். தாம் நம்பிக்கை கொண்டதற்குரிய காரணங்களைக் கூறினாரேயன்றிக் கனவுகளை விற்கவில்லை. ஆனால் நம்பத் துடிப்போர் கையில் நிதானமான எண்ணும் மந்திரமாகிவிடும்.

ஓர் அறிக்கையும் ஒரு வெறியும்

1877-இல் தென்கிழக்கு வயநாடு மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு இணைக்கப்பட்டது. 1879-இல் அரசு, பொன்வயல்களை ஆராய ராபர்ட் பிரோ ஸ்மித் என்பவரை அழைத்தது. இவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்தவர். அங்குள்ள தங்கவயல்களைப் பற்றி 1869-இல் பெருநூல் எழுதிப் புகழ்பெற்றவர். தம் கீழ்ப்பணியாளர்களைக் கொடுமையாக நடத்தினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் விசாரணை நடந்து, 1876-இல் பதவி விலகியவரும் அவரே.

பிரோ ஸ்மித் காடு முழுதும் அலைந்து கல் நரம்புகளை வரைபடத்தில் குறித்தார். பழைய குழிகளை விவரித்தார். கல் மாதிரிகளைச் சோதிப்பித்தார். நரம்புகள் எண்ணற்றவை, அகன்றவை, அவற்றுள் சில மிக வளமானவை என்று 1880-இல் அறிக்கை தந்தார். அவர் சேகரித்த மாதிரிகளோ பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியவை. ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதை அன்று எவரும் அகழ்ந்து பார்த்திருக்கவில்லை.

அறிக்கை அச்சேறும் முன்னரே வெறி தொடங்கிவிட்டது. 1879 திசம்பர் முதல் 1881 இறுதிவரை, இரண்டே ஆண்டுகளில், இங்கிலாந்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் வயநாட்டுப் பொன்னுக்கென்று பதிவு செய்யப்பட்டன. அவற்றின் பெயரளவு மூலதனம் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பவுன். நோயுற்ற காப்பித் தோட்டங்கள் ஒரே இரவில் 'தங்கத் தோட்டங்கள்' ஆகிப் பன்மடங்கு விலைக்குக் கைமாறின. பந்தலூர் திடீரென்று ஊராயிற்று. தந்தி, அஞ்சல், விடுதி, குதிரைப் பந்தயம் என்று எல்லாம் வந்தன. பேப்பூர்த் துறைமுகத்தில் இறங்கிய கல்லுடைக்கும் பேரெந்திரங்கள் மலைப்பாதையில் இழுத்து ஏற்றப்பட்டன.

பங்குதாரர்களின் பணம் எங்கே சென்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் பெரும்பகுதி நிலத்தை விற்றவர்களுக்கும் கம்பெனியைத் தொடங்கி வைத்த தரகர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பாறைக்குள் இறங்கிப் பார்க்கும் பணிக்கு எஞ்சியது மிகச் சிறிதே. சில கம்பெனிகள் எவ்வளவு கல் கிடைக்கும் என்று அறியும் முன்னரே எந்திரம் வாங்கின. நெல் விளையுமா என்று பாராமல் ஆலை கட்டியதற்கு இது ஒப்பாகும்.

1882-இல் உண்மை வெளிப்பட்டது. எந்திரங்கள் ஓடின, கல் மாவாயிற்று. பொன்னோ எதிர்பார்த்த அளவில் ஒரு சிறு பங்கே வந்தது. சோதனைச் சாலையில் தேர்ந்தெடுத்த கல் ஒன்றைச் சொன்னது. ஆயிரக்கணக்கான டன் சாதாரணக் கல் வேறொன்றைச் சொன்னது. அத்தோடு அக்காலத் தொழில்முறை பாதரசத்தைச் சார்ந்திருந்தது. கல்மாவைப் பாதரசம் பூசிய தகட்டின்மேல் ஓடவிட்டால் விடுபட்ட பொன் ஒட்டிக்கொள்ளும். பைரைட்டுக்குள் பூட்டப்பட்ட பொன் ஒட்டாமல் கழிவோடு போய்விடும். சயனைடு கரைசலால் அத்தகைய பொன்னையும் பிரிக்கும் முறை 1887-இல்தான் ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்றது. அதற்குள் வயநாட்டுக் கம்பெனிகளில் பெரும்பாலானவை மண்ணோடு மண்ணாகிவிட்டன. பந்தலூரின் விடுதி வெறிச்சோடியது. எந்திரங்கள் மழையில் துருப்பிடித்தன.

ஒரே காலம், இரு மலைகள்

பொறுமையின்மையே தோல்விக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட நமக்குத் தோன்றலாம். அது பாதி உண்மையே என்பதைக் கோலார் காட்டுகிறது.

வயநாட்டு வெறியின் அதே ஆண்டுகளில்தான் மைசூர் அரசைச் சேர்ந்த கோலாரிலும் கம்பெனிகள் தோன்றின. லவேல் என்ற முன்னாள் படைவீரர் 1870-களில் அங்கு உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. அங்கும் பணம் கரைந்தது. 1883-ஐ ஒட்டி ஏறத்தாழ எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிலை. மைசூர்ச் சுரங்கத்தில் எஞ்சிய சிறு தொகையை வைத்துக்கொண்டு கப்பித்தான் பிளம்மர் பழையவர்கள் விட்டுச்சென்ற குழிகளுக்குக் கீழே இறங்கினார். சில ஆண்டுகளில் சாம்பியன் நரம்பு அகப்பட்டது. அது மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம்வரை இறங்கிச் சென்றது. 2001 பிப்ரவரியில் மூடப்படும்வரை கோலார் ஏறத்தாழ 800 டன் பொன் தந்தது. அந்த ஆழத்தில் உழைத்தவர்களில் மிகப்பலர் வடஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ் மக்கள்.

பிளம்மரைப் போல் வயநாட்டிலும் ஒருவர் விடாப்பிடியாக இறங்கியிருந்தால்? அங்கே கிடைத்திருக்கப்போவது மேலும் பைரைட்டும் மேலும் நட்டமுமே. கோலாரில் பொன் தங்கிய பாறை எரிமலைக் குழம்பிலிருந்து தோன்றிய கரும்பட்டை. நரம்பும் தொடர்ச்சியானது, வளமும் ஆழத்தில் நிலைத்தது. தேவாலாவின் நரம்புகள் சிறியவை, அறுந்து அறுந்து செல்பவை, மேலே செறிந்து கீழே மெலிபவை. மனிதர்களின் ஊக்கம் இரண்டிடத்தும் ஒன்றே, பாறைதான் வேறு. முயற்சி திருவினையாக்கும் என்பது வாழ்வுக்கு நல்ல பாடம். ஆனால் இல்லாத பொன்னை எந்த முயற்சியும் உண்டாக்குவதில்லை. இருக்கிறதா என்று முதலில் நேர்மையாக அளந்து அறிவதும் முயற்சியின் ஒரு பகுதியே.

அத்தகைய நேர்மையான அளவை வயநாட்டில் இருபது ஆண்டுகள் கழித்தே நடந்தது. நிலவியல் ஆய்வுத்துறையின் ஹேடன், ஹேட்ச் என்னும் இருவர் சுரங்கங்களுக்குள் சென்று நரம்புகளின் முழு அகலத்திலும் முறையாக மாதிரி எடுத்தனர். 1901-இல் வெளியான அவர்களுடைய அறிக்கை, இக்கல் இலாபம் தருமளவு வளமானதன்று என்று தெளிவாக உரைத்தது. இந்த அறிக்கை 1879-இல் கிடைத்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு மிஞ்சியிருக்கும். அன்று அதைக் கேட்கத்தான் எவருக்கும் விருப்பமில்லை.

இப்பாடம் பழையது என்று நாம் தள்ளிவிட இயலாது. 1990-களின் நடுவில் பிரெ-எக்ஸ் என்ற கனடா நாட்டுக் கம்பெனி, போர்னியோத் தீவில் புசாங் என்னுமிடத்தில் உலகின் மிகப்பெரிய பொன்வயலைக் கண்டதாக அறிவித்தது. 1997-இல் வெளியார் துளையிட்டுச் சோதித்தபோது, அங்கு பயனுள்ள அளவு பொன்னே இல்லையென்றும், மாதிரித் தூளில் வெளியிலிருந்து பொன்துகள் கலக்கப்பட்டிருந்ததென்றும் தெரியவந்தது. அதன் பின்னரே, 2001-இல், பங்கு விற்கும் கம்பெனிகளின் கனிம மதிப்பீட்டைத் தகுதிபெற்ற வல்லுநர் பொறுப்பேற்றுச் சான்றளிக்க வேண்டும் என்ற கடுமையான விதிகளைக் கனடா வகுத்தது. வயநாட்டில் பொன் இருந்தது, புசாங்கில் இல்லை. ஆயினும் கல்லை அளக்கும் முன் காகிதத்தை விற்ற குணம் இரண்டிற்கும் பொது.

மூடப்படாத குழிகள்

கம்பெனிகள் போயின, அவர்கள் வாங்கிய நிலங்களில் நாளடைவில் தேயிலை வந்தது. சன்ம நிலங்களின் உரிமை பற்றிய வழக்குகள் தலைமுறைகளைக் கடந்தன. 1969-இல் தமிழக அரசு கூடலூர் சன்ம நிலங்களை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியபின்னும் அவை ஓயவில்லை. யாருடையது என்று தீராத நிலத்தில் உழைப்பவன் என்றுமே அஞ்சி வாழ்கிறான்.

இந்நிலத்திற்குப் பின்னர் வந்து சேர்ந்தவர்கள் மற்றொரு மலைநாட்டிலிருந்து வந்தனர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. இலங்கையின் தேயிலை மலைகளில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள், தாம் பிறந்திராத 'தாயகத்திற்கு'த் திரும்பினர். அவர்களுக்கு வேலையளிக்கவே தமிழக அரசு 1968-இல் நீலகிரிக் காடுகளில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அது 'டான்டீ' என்ற அரசுக் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பகுதிகளில் பல்லாயிரம் பேர் குடியேறினர். தேயிலை விலை வீழ்ந்தபோதெல்லாம் அவர்கள் அடுப்பு அணைந்தது. 2022-இல் அக்கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பியளிக்க அரசு முடிவெடுத்தது.

தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் பழைய சுரங்கம் அழைக்கிறது. உள்ளூர் ஏழைகளில் சிலர், பல சமூகத்தவரும் அவர்களுள் உண்டு, நூறாண்டுக்கு முந்திய சுரங்க வாய்களுக்குள் இரவில் நுழைகின்றனர். சுத்தியலும் உளியும் கைவிளக்குமே கருவி. உடைத்த கல்லை மாவாக்கி, நீரில் அலசி, பாதரசத்தில் சேர்த்து, அதைச் சூடாக்கிப் பொன்னைப் பிரிக்கின்றனர். அந்தப் பாதரச ஆவியை அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சுவாசிக்கின்றனர். எஞ்சிய கழிவு ஓடையில் கலக்கிறது. இது சட்டத்திற்குப் புறம்பானது. வனத்துறையும் காவல்துறையும் பலமுறை சுரங்க வாய்களை அடைத்துள்ளன. அடைத்தவை மீண்டும் திறக்கப்படுகின்றன. காற்றோட்டமற்ற ஆழத்தில் மூச்சடைத்தும், மண் சரிந்தும் மனிதர் மாண்ட செய்திகள் பல ஆண்டுகளாக நாளிதழ்களில் வந்தவண்ணம் உள்ளன. மண்டையோட்டு நரம்பு என்ற பெயர் பொருந்திவிட்டது என்று நாம் குறிப்பிட்டது இதனால்தான்.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஐம்பது இலட்சம் பவுன் முதலீட்டிற்கு இலாபம் தராத கல், ஓர் ஏழைக்கு எப்படி இலாபம் தருகிறது? கம்பெனியின் கணக்கில் எந்திரமும் மேலாளர் சம்பளமும் பங்காதாயமும் செலவாக எழுதப்பட்டன. இரவில் இறங்குபவனின் கணக்கில் அவன் உழைப்புக்கு விலையில்லை, நுரையீரலுக்கு விலையில்லை, உயிருக்கும் விலையில்லை. செலவுப் பக்கத்தில் ஒன்றுமே எழுதப்படாத போது, சில குன்றிமணிப் பொன்னும் வரவாகத் தோன்றுகிறது. பணியரின் காலத்தில் இருந்த அதே கணக்கு இது. அன்றும் அலசியவனின் நாளுக்கு விலை வைக்கப்படவில்லை. ஆகவே அன்றும் பொன் 'கிடைத்தது'.

ஒரு கனிம மலையைத் தேடிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கம்பெனி மூடப்பட்ட ஆண்டோடு நூலை முடித்துவிடுகின்றனர். தேவாலாவின் வரலாற்றை 1882-உடன் முடிக்க இயலாது. குழி தோண்டியவனுக்குக் குழியை மூடும் கடமை உண்டு என்ற எளிய நீதி அன்றைய ஒப்பந்தம் எதிலும் எழுதப்படவில்லை. இக்காலத்தில் சுரங்க உரிமம் வழங்கும்போதே, வேலை முடிந்தபின் நிலத்தைச் சீர்செய்யும் திட்டத்தையும் அதற்கான நிதிப் பொறுப்பையும் நம் நாட்டுச் சட்டம் கோருகிறது. இது நல்ல முன்னேற்றம். ஆனால் பெயர் மாறி, கைமாறி, கலைந்துபோன நாற்பது கம்பெனிகளை எந்த நீதிமன்றத்திற்கு இனி அழைப்பது? அவர்கள் விட்டுச்சென்ற கடன் பொதுச் சமுதாயத்தின் கடனாக, அதாவது நம் கடனாக, நிற்கிறது.

அக்கடனைத் தீர்க்கும் வழி சுரங்க வாயில் கல்லும் சிமெண்டும் இடுவது மட்டுமன்று. குழியை மூடினாலும் பசியை மூட முடியாது. தேயிலைக்கு நியாயவிலை, தோட்டத் தொழிலாளிக்கு நிலையான ஊதியம், குடியிருக்கும் மண்ணுக்கு உரிமைப் பட்டா, இளைஞர்க்கு வேறு தொழிற்பயிற்சி ஆகியவை வரும் நாளில் அக்குழிகளுக்குள் இறங்க ஆளிருக்காது. அதுவரை எத்தனை முறை அடைத்தாலும் அவை திறந்தே இருக்கும்.

மலை எவரையும் ஏமாற்றவில்லை. மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று தன் கல்லிலேயே எழுதி வைத்திருந்தது. படிக்க மறுத்தவர்கள் பணத்தை இழந்தனர். அவர்கள் விட்டுப்போன குழியில், படிக்கும் வாய்ப்பே பெறாதவர்கள் உயிரை இழந்து வருகின்றனர். அடுத்த முறை ஏதேனும் ஒரு மலையில் பொன்னோ வேறு அரும் கனிமமோ கண்டதாக நாம் செய்தி படிக்கும்போது, எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. எவ்வளவு ஆழத்தில் அளந்தார்கள், அளந்தவர் யார், வேலை முடிந்தபின் குழியை மூடுபவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். தேவாலாவில் 1880-இல் எவரும் கேளாதிருந்த கேள்விகள் அவை.